ஏட்டின்மேல் ஏடு அடுக்கிய அம்மையார்
காதரீன் பிளாட்ஜெட்டின் ஜீவிய சரித்திரம்

பொருள்களின் உள்ளே என்ன இருக்கிறதென்று துருவிப் பார்த்தவர்களுக்கே உலகம் பெரும்பாலும் மாலை சூட்டி வந்திருக்கிறது. அணுவைப் பிளந்தவர்களின் பெயரைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆயினும் மனிதன் ஒரு பொருளோடு கொள்ளும் வியவகாரம் அனைத்தும் அதன் மேற்பரப்போடுதான். இரும்பு துருவேறுவது மேற்பரப்பில். கண்ணாடி ஒளியைத் திருப்பியடிப்பது மேற்பரப்பில். வர்ணம் ஒட்டுவதும், எண்ணெய் வழுக்குவதும், தாமரை இலையில் நீர் ஒட்டாமல் உருள்வதும் மேற்பரப்பில். உயிருள்ள அணுக்கூடு ஒவ்வொன்றும் தன் உள்ளையும் வெளியையும் பிரித்துக் கொள்வதும் ஒரு மெல்லிய தோலினால்தான். இந்த மேற்பரப்பைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து, பாலின்மேல் படியும் ஏட்டைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு மெல்லிய ஏடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக எண்ணி அடுக்கும் வித்தையை உலகுக்கு அளித்தவர் காதரீன் பர் பிளாட்ஜெட் என்னும் அமெரிக்க மாது. 1979-ம் வருஷம் அக்டோபர் மாதம் 12-ந் தேதி அவர் காலமானார். அவருடைய சரித்திரத்தில் விஞ்ஞானிகளுக்கு மட்டுமன்றி, தேச காரியங்களில் ஈடுபட்டுள்ள நமது நேயர்களுக்கும் ஆலோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லாமல், சரித்திரத்தைச் சொல்லிய பின் சொல்லுவோம்.

தகப்பனைக் காணாத பெண்

நியூயார்க் ராஜ்யத்தில் ஷெனெக்டெடி என்பது ஒரு தொழில் நகரம். மின்சார யந்திரங்களும் விளக்குகளும் செய்யும் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு அது தலைமையிடமாக இருந்தது. அந்தக் கம்பெனியில் புதுக் கண்டுபிடிப்புகளுக்கான பேடண்ட் உரிமைகளைக் கவனிக்கும் இலாகாவுக்குத் தலைவராயிருந்தவர் ஜார்ஜ் பிளாட்ஜெட் என்னும் வக்கீல். 1897-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஓரிரவு அவர் வீட்டில் திருடன் புகுந்தான். அவனை எதிர்த்த ஜார்ஜ் பிளாட்ஜெட் சுடப்பட்டு மாண்டார். சில வாரங்கள் கழித்து, 1898-ம் வருஷம் ஜனவரி மாதம் 10-ந் தேதி, அவருடைய மனைவி ஒரு பெண் மகவைப் பெற்றார். அக்குழந்தையே காதரீன்.

விதவையான தாய் துக்கத்தில் அமிழ்ந்துவிடவில்லை. மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு நியூயார்க் நகரம் சென்றார். பின்னர் குழந்தைகள் அந்நிய பாஷையும் அயல் நாட்டு வாழ்வும் அறியட்டுமென்று பிரான்ஸ் தேசத்தில் சில ஆண்டுகள் தங்கினார். கணவர் விட்டுச் சென்ற பொருள் குடும்பத்துக்குப் போதுமானதாயிருந்தது. அதைத் தாயார் பெண்ணின் சீதனத்துக்கென்று பூட்டி வைக்காமல் கல்விக்குச் செலவிட்டார். இந்த ஒரு தீர்மானத்திலிருந்தே பின் நிகழ்ந்தவை யாவும் கிளைத்தன என்று கூறினால் மிகையாகாது.

காதரீன் பதினைந்து வயதிலேயே உபகாரச் சம்பளம் பெற்று, பெண்களுக்கென ஏற்பட்ட பிரின் மார் கலாசாலையில் சேர்ந்து, 1917-ல் பட்டம் பெற்றார். அங்கே கணித சாஸ்திரம் போதித்த சார்லட் ஆங்காஸ் ஸ்காட் என்ற அம்மையாரும், பௌதிக சாஸ்திரம் போதித்த ஜேம்ஸ் பார்ன்ஸ் என்பவரும் அவருடைய புத்தியைச் சாணை பிடித்தவர்கள். கலாசாலைப் படிப்பு முடியுந் தறுவாயில் அவர் தாம் பிறந்த ஷெனெக்டெடிக்குச் சென்று, தந்தையின் பழைய நண்பர்களைக் கண்டார். அவர்கள் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையைச் சுற்றிக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். சுற்றிக் காட்டியவர் இர்விங் லாங்மியூர். விளக்குகளில் மந்தவாயுவை நிரப்பி அவற்றின் ஆயுளையும் ஒளியையும் பெருக்கியவர்; பின்னர் 1932-ல் ரசாயன சாஸ்திரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். பெண்ணின் அறிவைக் கண்ட அவர், மேற்படிப்பு முடித்து வந்தால் ஆராய்ச்சிசாலையில் இடமுண்டு என்ற நம்பிக்கையை அளித்து அனுப்பினார்.

அப்பொழுது முதல் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தது. போர்க்களத்தில் விஷவாயு புகுந்துவிட்டது. சிப்பாய்களின் முகமூடிகளில் விஷத்தை உறிஞ்சிக்கொள்வதற்குக் கரி தேவைப்பட்டது. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு எடுத்த கரி இதற்கு மிகவும் ஏற்றதெனத் தெரிந்தது. நம் வீடுகளில் அடுப்புக்குப் போகும் அதே கொட்டாங்கச்சிதான். சிக்காகோ சர்வகலாசாலையில் காதரீன் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, இக்கரி வாயுக்களைத் தன் மேற்பரப்பில் எவ்வாறு பற்றிக்கொள்கிறது என்பதே. மேற்பரப்பென்னும் விஷயத்தில் அவர் வைத்த முதலடி அது. 1918-ல் எம்.எஸ். பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டே ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிசாலையில் லாங்மியூரின் உதவியாளராக அமர்ந்தார். அவ்வாராய்ச்சிசாலையில் விஞ்ஞானி என்ற ஸ்தானத்தில் அமர்ந்த முதல் ஸ்திரீ அவரே. அப்பொழுது அவருக்கு வயது இருபது.

கேம்பிரிட்ஜில்

முதல் ஆறு ஆண்டுகள் அவர் விளக்குகளிலும் வெற்றுக் குழாய்களிலும் ஓடும் எலெக்ட்ரான்களின் கணக்கில் ஈடுபட்டார். உருளை வடிவத்திலும் கோள வடிவத்திலும் அமைந்த உலோகங்களுக்கிடையே எவ்வளவு மின்சாரம் பாயக்கூடும் என்று லாங்மியூரும் அவரும் கூடி வகுத்த கணக்கு 1923, 1924-ம் வருஷங்களில் வெளியாயிற்று. அதை இன்றும் அத்துறையினர் கையாளுகின்றனர்.

ஆயினும் மேலும் முன்னேற வேண்டுமானால் டாக்டர் பட்டம் அவசியமென்று கண்டு, 1924-ல் அவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் காவெண்டிஷ் ஆராய்ச்சிசாலைக்குச் சென்றார். அணுவின் கருவைக் கண்டறிந்த ரூதர்போர்டு அங்கே தலைவர். பாதரச ஆவியில் எலெக்ட்ரான்களின் போக்கை ஆராய்ந்து 1926-ல் காதரீன் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தச் சர்வகலாசாலையில் பௌதிக சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. இங்கே ஒரு விஷயத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். பெண்கள் அங்கே படிக்கலாம், பரீக்ஷை எழுதலாம், தேறலாம். ஆனால் சர்வகலாசாலையின் பூர்ண அங்கத்தினர் என்ற உரிமை அவர்களுக்கு 1948 வரையில் இல்லை. பட்டத்தின் பெயர் மட்டும் கிடைத்தது; பட்டத்துக்குரிய பாத்தியதை கிடைக்கவில்லை. பத்திரத்தில் பெயரிருந்து அனுபோகத்தில் நிலமில்லாதவன் கதை இது. உலகத்துக்கெல்லாம் சுதந்திரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்த ஒரு ராஜ்யத்தின் சிறந்த கலாசாலை, தன் வீட்டுப் பெண்களுக்கு இவ்வளவு காலம் இதை மறுத்தது என்பது சரித்திரம்.

எண்ணெயும் நீரும்

டாக்டர் பட்டத்தோடு ஷெனெக்டெடிக்குத் திரும்பிய அம்மையார், நாளடைவில் லாங்மியூருக்கு மிகவும் பிரியமான வேறொரு விஷயத்தில் இறங்கினார். நீரின்மேல் எண்ணெய் படரும் விந்தையே அது. இதன் பூர்வோத்தரத்தைச் சிறிது கூறுவது அவசியம்.

அமெரிக்க சுதந்திரப் போரின் தலைவர்களில் ஒருவராகிய பெஞ்சமின் பிராங்க்ளின், அப்போருக்கு முன்னர் லண்டனில் வசித்தபோது, கிளாப்பம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அது அரை ஏக்கர் பரப்புக்குப் படர்ந்து, அலையடங்கி, குளம் கண்ணாடி போலாயிற்று. 1774-ல் இதை அவர் வெளியிட்டார். எண்ணெயின் அளவைக் குளத்தின் பரப்பால் வகுத்திருந்தால் அணுத்திரள் ஒன்றின் உயரம் அவருக்குக் கிடைத்திருக்கும், அவர் வகுக்கவில்லை. நூறு வருஷங்களுக்கு மேல் எவரும் வகுக்கவில்லை.

பின்னர் ஜெர்மனியில் பிரன்ஸ்விக் நகரத்தில் ஆக்னஸ் பொக்கல்ஸ் என்ற பெண், வீட்டில் பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய்ப் பிசுக்கு மிதப்பதைப் பார்த்துப் பார்த்து, அதைத் தானே ஆராயத் தொடங்கினாள். அக்காலத்து ஜெர்மன் சர்வகலாசாலைகள் பெண்களுக்குத் திறக்கப்படவில்லை. நோயாளிகளான பெற்றோரைப் பேணுவது அவளுடைய வேலை. தகரத் தொட்டி ஒன்றும், அதன் குறுக்கே நகர்த்தக்கூடிய தகரத் துண்டு ஒன்றும், சிறு தராசு ஒன்றுமே அவளுடைய ஆராய்ச்சிசாலை. பத்து வருஷ உழைப்பின் பயனை 1891-ல் இங்கிலாந்தில் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினாள். அதே விஷயத்தை ஆராய்ந்துவந்த அப்பெரியார் அதை அமுக்கவுமில்லை, அபகரிக்கவுமில்லை. நேச்சர் பத்திரிகைக்கு அனுப்பி அவள் பெயரால் பிரசுரிக்கச் செய்தார். அந்தத் தொட்டியைத் திருத்தியமைத்துத்தான் லாங்மியூர் 1917-ல் தம் பிரசித்தி பெற்ற முடிவுகளை வெளியிட்டார்.

லாங்மியூர் கண்டது யாது? கொழுப்பு அமிலத்தின் அணுத்திரள் ஒவ்வொன்றுக்கும் தலையென்றும் வாலென்றும் இரு பகுதிகள் உண்டு. தலை நீரை விரும்புவது. வால் நீரை வெறுப்பது. நீரின்மேல் அவற்றை நெருக்கிவிட்டால், வயலில் நாற்று நட்டாற்போல், தலைகள் நீரில் பதிய வால்கள் மேலே நிமிர ஒரே வரிசையாக நிற்கும். அந்தப் படலத்தின் கனம் ஓர் அணுத்திரளின் உயரமே. இதைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்க முடியாது. 1925-ல் ஹாலந்து தேசத்தில் கார்ட்டர், கிரெண்டல் என்ற இருவர், இரத்தத்தின் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து இவ்வாறே நீரில் பரப்பி அளந்து, உயிரணுவின் தோல் இரண்டு ஏடு கொழுப்பால் ஆனதென்று கூறினார்கள். அடுப்பங்கரைத் தொட்டியில் தொடங்கிய கேள்வி உயிரின் வாசற்படி வரையில் சென்றுவிட்டது.

ஏடுகளின் அடுக்கு

நீரின்மேல் மிதக்கும் இப்படலத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் எடுத்துக்கொள்ளலாம் என்பது 1920-லேயே தெரிந்திருந்தது. ஆனால் ஓர் ஏட்டின்மேல் இன்னோர் ஏட்டையும், அதன்மேல் மற்றொன்றையும் ஒழுங்காக ஏற்ற முடியுமென்று காட்டியவர் பிளாட்ஜெட் அம்மையாரே. 1934-ல் முதற் செய்தியும், 1935-ல் விரிவான கட்டுரையும் அவருடைய தனிப் பெயரிலேயே அமெரிக்க ரசாயன சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயின.

முறையைக் கேட்டால் எளிதாகத் தோன்றும். ஒரு தொட்டியில் சுத்தமான நீரை நிரப்பி, அதில் பேரியம் என்னும் உலோகத்தின் உப்பைச் சிறிதளவு கலக்கவேண்டும். மிருகக் கொழுப்பிலிருந்து கிடைக்கும் ஸ்டியரிக் அமிலத்தைப் பென்ஸீன் திராவகத்தில் கரைத்து நீரின்மேல் ஒரு துளி விடவேண்டும். திராவகம் ஆவியாகிப் போக, அமிலம் ஓரேடாகப் படர்ந்து, பேரியத்தோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாக மாறும். உவர்க் கிணற்று நீரில் துணி துவைக்கும்போது நுரை வராமல் வெண்மையாகத் திரிந்து மிதக்கிறதே, அதற்கு இது நெருங்கிய பந்து. மெழுகு பூசிய பட்டு நூல் ஒன்றை நீரில் மிதக்கவிட்டு, அதற்கப்பால் வேறோர் எண்ணெயை விட்டால், அந்த எண்ணெய் இடைவிடாது நூலைத் தள்ளி ஏட்டை நெருக்கிக்கொண்டேயிருக்கும். இந்நிலையில் கண்ணாடித் தகட்டை மெள்ள அமிழ்த்தினால் ஓர் ஏடு ஒட்டும். மெள்ள எடுத்தால் மற்றோர் ஏடு ஒட்டும். வாலோடு வாலும், தலையோடு தலையுமாக அவை பொருந்தி நிற்கும். அமிழ்த்துவதும் எடுப்பதும் எத்தனை முறையோ அத்தனை ஏடு. இவ்விதம் நூற்றுக்கணக்கில் அடுக்கலாம்.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அன்று. நீரின் புளிப்புத் தன்மை சிறிது மாறினாலும், விரலின் பிசுக்கு ஓரணு பட்டாலும், காற்றில் தூசி விழுந்தாலும் அன்றைய வேலை வீண். அப்பியாசமும் சிரத்தையும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த கைகள் அதற்கு வேண்டும்.

அடுக்கிய ஏடுகள் வர்ணம் காட்டின. மழை நாளில் தெருவில் சிந்திய எண்ணெய் வானவில்லின் நிறங்களைக் காட்டுவதை யாவரும் கண்டிருப்பர். கனத்துக்குத் தக்கபடி நிறம் மாறும். ஓர் ஏட்டின் கனம் சுமார் 2.4 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றில் இரண்டரைக் கூறுக்கும் சற்றுக் குறைவு. ஏடுகளை எண்ணி அடுக்கியவருக்குக் கனம் முன்னமே தெரியும். கனம் தெரிந்தால் எந்த நிறத்துக்கு எந்தக் கனமென்பதும் தெரியும். ஆகவே ஒரு கண்ணாடித் துண்டில் படிப்படியாக ஏடுகளை ஏற்றி, படிக்கொரு நிறமாக அமைத்து, அதையே அளவுகோலாக்கினார். அறியாத படலமொன்றை அதன் அருகில் வைத்து நிறத்தை ஒப்பிட்டால் கனம் விளங்கிவிடும். அதுவரை விலையுயர்ந்த கருவிகள் செய்துவந்த வேலையை ஒரு கண்ணாடித் துண்டு செய்தது.

கண்ணுக்குத் தோன்றாத கண்ணாடி

1938-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அவர் பெயர் பத்திரிகைகளில் பிரபலமாயிற்று. ஒளியைத் திருப்பியடிக்காத கண்ணாடியை அவர் செய்துவிட்டார் என்பதே செய்தி. சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பியனுப்பி விடுகிறது. ஜன்னல் கண்ணாடிக்கு இது பெரிய நஷ்டமன்று. ஆனால் ஆறு கண்ணாடி வில்லைகள் கொண்ட ஒரு காமிராவிலோ தூரதர்சனியிலோ பன்னிரண்டு முகங்களைக் கடந்து வருவதற்குள் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு ஒளி போய்விடும். போவதோடு நில்லாமல், உள்ளேயே அங்குமிங்கும் மோதி உருவத்தையும் மங்கச் செய்யும்.

இதற்குப் பரிகாரமாக அம்மையார் கண்ணாடியின்மேல் 44 ஏடுகளை ஏற்றினார். அவற்றின் மொத்தக் கனம் ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. ஒளி அலைபோல் செல்வது. ஏட்டின் மேல் முகத்தில் திரும்பும் அலையும், கீழ் முகத்தில் திரும்பும் அலையும் சந்திக்கும்போது, ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தோடு பொருந்துமாறு கனத்தை அமைத்துவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். திரும்ப வழியற்ற ஒளி கண்ணாடியை ஊடுருவிச் செல்லும். இதற்கு ஏட்டின் கனம் ஒளியலையின் நீளத்தில் நாலில் ஒரு பாகமாயிருக்கவேண்டும். அத்துடன் ஒளியை வளைக்கும் சக்தியும் காற்றுக்கும் கண்ணாடிக்கும் இடைப்பட்டதாயிருக்கவேண்டும். சோப்பு ஏட்டின் சக்தி அதிகமாயிருந்தபடியால், அவர் ஓர் உபாயம் செய்தார். ஏட்டில் கலந்திருந்த அமிலத்தை மட்டும் பென்ஸீனில் கரைத்தெடுத்து, கூடு மாத்திரம் நிற்கும்படி செய்தார். இடையிடையே வெற்றிடம் நிறைந்த அக்கூடு வேண்டிய சக்தியைப் பெற்றது. இவ்வாறு பூசிய கண்ணாடி நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் ஒளியை விட்டது.

எனினும் அந்த ஏடு மென்மையானது. விரலால் துடைத்தால் போய்விடும். அவருடைய செய்தி வெளியான சில நாட்களுக்குள்ளேயே, மாஸசூஸெட்ஸ் தொழிற்கலாசாலையைச் சேர்ந்த கார்ட்ரைட், டர்னர் என்ற இருவர், வெற்றிடத்தில் ப்ளோரைடு உப்புகளைக் காய்ச்சி ஆவியாக்கிக் கண்ணாடியில் படியச் செய்யும் முறையை அறிவித்தனர். கலிபோர்னியாவில் ஜான் ஸ்ட்ராங் என்பவர் 1936-லேயே இம்முறையை வெளியிட்டிருந்தார். ஜெர்மனியில் ஸ்மக்குலா என்பவர் ஸைஸ் கம்பெனிக்காக 1935-லேயே இதைக் கண்டிருந்தார். ராணுவ ரகசியமென்று அது மறைக்கப்பட்டது. இன்னும் பின்னோக்கினால், பழகி மங்கிய வில்லை புது வில்லையைவிட அதிக ஒளி விடுகிறதென்று இங்கிலாந்தில் டெனிஸ் டெய்லர் 1892-லேயே கண்டிருக்கிறார். முடிவில் காமிராக்களிலும் மூக்குக்கண்ணாடிகளிலும் வெற்றி பெற்று நிலைத்தது ஆவிப்படிவு முறையேயன்றி அம்மையாரின் சோப்பு ஏடு அன்று.

ஆகவே திரும்பா ஒளிக் கண்ணாடியை உலகில் முதன்முதல் கண்டவர் பிளாட்ஜெட்டே என்று அபிமானத்தால் எழுதுவோரின் கட்சியை நாம் ஏற்பதற்கில்லை. சாக்ஷியம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஒருவருக்கு உரியதல்லாததை அவருக்குச் சூட்டினால், உரியதையும் உலகம் சந்தேகிக்கத் தொடங்கும். அவருக்கு நிச்சயமாக உரியது வேறு. அது இதைவிடப் பெரியது. பொருளை அணுத்திரள் கணக்கில், ஏடு ஏடாக, நாம் விரும்பிய வரிசையில், விரும்பிய எண்ணிக்கையில் கட்டலாம் என்பதை முதன்முதல் கையால் செய்து காட்டியவர் அவர். அதுகாறும் மனிதன் பொருளைச் செதுக்கினான், உருக்கினான், கரைத்தான், எண்ணிக் கட்டவில்லை.

விதை முளைத்த விதம்

மென்மையினால் தோற்றதென்று கைவிடப்பட்ட வித்தை வீணாய்ப் போகவில்லை. 1960-களில் ஜெர்மனியில் ஹான்ஸ் கூன் என்பவர், இவ்வேடுகளுக்கிடையே சாய அணுத்திரள்களைக் குறித்த தூரத்தில் நிறுத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சக்தி தாவுவதை அளந்தார். அதன்பின் உலகமெங்கும் இவ்வித்தை புத்துயிர் பெற்றது. இன்று அவ்வேடுகளுக்கு லாங்மியூர்-பிளாட்ஜெட் படலங்கள் என்றே பெயர். 1991-ல் கேரோ டெக்கர் என்ற விஞ்ஞானி தம் சகாக்களுடன் இக்கருத்தைப் பாலிமர்களுக்குக் கொண்டுவந்தார். தன மின்சாரமுள்ள பாலிமர்க் கரைசலிலும், ருண மின்சாரமுள்ள பாலிமர்க் கரைசலிலும் ஒரு தகட்டை மாறி மாறித் தோய்த்தால், ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏடேடாய்ப் படியும். இதற்குத் தொட்டியும் வேண்டாம், பட்டு நூலும் வேண்டாம்; தட்டையான தகடுதான் வேண்டுமென்பதுமில்லை. நீர் ஒட்டாத பூச்சு, நீராவி மங்காத கண்ணாடி, கிருமி ஒட்டாத வைத்தியக் கருவி, மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும் உறை என்று இம்முறையில் ஆராய்ச்சிகள் பெருகியுள்ளன. அமிழ்த்தி எடுத்து எண்ணி அடுக்குவது என்ற மூலக்கருத்து ஷெனெக்டெடி ஆராய்ச்சிசாலையினுடையதே.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானச் சிறகுகளில் பனிக்கட்டி உறைவதைத் தடுக்கும் ஆராய்ச்சியில் அம்மையார் ஈடுபட்டார். 1951-ல் அமெரிக்க ரசாயன சங்கம் பெண் விஞ்ஞானிகளுக்கு வழங்கும் கார்வன் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் 13-ந் தேதியை அவருடைய ஊரார் அவர் பெயரால் கொண்டாடினர். விவாகம் செய்துகொள்ளாமல், தாம் பிறந்த ஊரிலேயே வீடமைத்து, தோட்டமிட்டு, உள்ளூர் நாடக சபையில் வேஷம் புனைந்து, அமைதியாக வாழ்ந்த அவர் 1963-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

லாங்மியூரின் நிழலில் அவர் மறைக்கப்பட்டார் என்பார் உளர். இவ்வழக்கையும் நிதானமாய்ப் பார்க்க வேண்டும். நோபல் பரிசு 1932-ல் அளிக்கப்பட்டது. ஏடுகளின் அடுக்கு அதற்குப் பின்னரே வந்தது. ஆகையால் பரிசில் அவர் பங்கு பறிபோயிற்று என்பது பொருந்தாது. தலைவர் உதவியாளரின் கட்டுரையில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளாமல் தனியே வெளியிடச் செய்தது, எக்காலத்திலும் எந்நாட்டிலும் பாராட்டத்தக்க செய்கை. அவ்வகையில் லாங்மியூர் ராலே பிரபுவின் வழியில் நின்றார்.

நமக்கு உள்ள பாடம்

தொடக்கத்தில் சொல்லாமல் நிறுத்திய விஷயத்துக்கு இப்பொழுது வருகிறோம். பொக்கல்ஸ், பிளாட்ஜெட் என்ற இவ்விருவரையும் ஒரு தராசில் நிறுத்திப் பாருங்கள். ஒரே தொட்டி, ஒரே நீர், ஒரே ஏடு, ஒரே கூர்மையான புத்தி. ஒருவருக்குச் சமையலறையே ஆராய்ச்சிசாலை. மற்றவருக்கு உலகின் சிறந்த ஆராய்ச்சிசாலை. லாங்மியூர் நோபல் பரிசு பெற்ற அதே 1932-ல்தான், எழுபது வயதான பொக்கல்ஸுக்கு பிரன்ஸ்விக் தொழிற்கலாசாலை கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. மூன்று ஆண்டுகளில் அவர் மறைந்தார். காலம் கடந்து வந்த கௌரவம் கௌரவந்தான். ஆயினும் இழந்த நாற்பது ஆண்டுகளை அது மீட்டுத் தராது.

இவ்வித்தியாசத்துக்குக் காரணம் என்ன? பிளாட்ஜெட்டின் திறமை மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அவருக்குக் கதவு திறந்த விதத்தைப் பாருங்கள். தந்தை அக்கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருந்து மாண்டவர். அவருடைய நண்பர்கள் அங்கே இருந்தார்கள். தாயிடம் பொருளும் துணிவும் இருந்தன. யுத்தம் ஆண்களை வாரிக்கொண்டு போனதால் ஆராய்ச்சிசாலைகளில் இடம் காலியாயிருந்தது. சுற்றிக் காட்ட வந்தவர் லாங்மியூராக அமைந்தார். ஒரு மரணம், ஒரு யுத்தம், ஒரு நல்ல மனிதர் ஆகிய இத்தனையும் ஒன்றுகூடி ஒரு பெண்ணுக்கு ஒரு கதவைத் திறந்தன. இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் அவர் இன்னொரு பொக்கல்ஸாகவே இருந்திருப்பார். ராலே போன்ற ஒருவர் கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை.

அதிருஷ்டத்தால் திறக்கும் கதவு, உரிமையால் திறந்த கதவாகாது. தயவால் வரும் இடத்தை நம்பி எந்த ஜன சமூகமும் முன்னேறியதில்லை. அரசியலில் இந்த நியாயத்தை வற்புறுத்துகிறவர்கள் கல்விச்சாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் அதையே வற்புறுத்தக் கடமைப்பட்டவர்கள். ஏழை வீட்டுப் பையனும், கிராமத்துப் பெண்ணும், தகப்பன் பெயரோ யுத்தத்தின் தயவோ இல்லாமல், தன் புத்தி ஒன்றையே காட்டி ஆராய்ச்சிசாலையில் நுழையக்கூடுமா என்பதே ஒரு நாட்டின் கல்விக்கு உரைகல். எத்தனை பொக்கல்ஸுகளை நாம் அடுப்பங்கரையிலேயே விட்டு வைத்திருக்கிறோம் என்பதற்குக் கணக்கெடுக்க ஒருவராலும் முடியாது. வெளிவராதவர்களுக்குப் பதிவேடு இல்லை.

மற்றொரு பாடமும் உண்டு. ஊழியம் செய்ய வருவோரில் பலர் மறுநாளே பலனைக் காண விரும்புகின்றனர். பலன் பிறர் கையில் போய்ச் சேர்ந்தால் மனமுடைந்து விலகுகின்றனர். பிளாட்ஜெட்டின் பிரசித்தமான கண்டுபிடிப்பைச் சில நாட்களுக்குள் பிறருடைய முறை வென்றுவிட்டது. அவர் வழக்காடவில்லை, வேலையை விடவுமில்லை. தொட்டியண்டை திரும்பிச் சென்று மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். அவர் முக்கியமென்று நினைத்த கண்ணாடி மறைந்தது. கண்ணாடிக்காக அவர் பழகிய கைமுறை நிலைத்தது. எந்த ஏடு நிற்கும், எது துடைபடும் என்பது அடுக்குகிறவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் பிசுக்குப் படாமல், அவசரப்படாமல், எண்ணிக்கை தவறாமல் ஏற்றுவது மட்டுமே அவர் கையில் உள்ளது. தேசத்தைக் கட்டுகிறவர்களின் நிலையும் அதுவே.